பேன் யார் தலையில், செலவு யார் தலையில்?

ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது என்று எங்கள் ஆச்சி அடிக்கடி சொல்வார். சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்குகிறவர்களுக்கு அவர் கொடுக்கும் பட்டம் அது. இந்தப் பதிவைப் படித்துவிட்டு எனக்கும் அதையே யாராவது சூட்டலாம். பரவாயில்லை. பேனை நிஜமாகவே பெருமாள் அளவுக்கு வளர்த்துவிட்ட சரித்திரம் ஒன்று இருக்கிறது. அதில் சட்டம், அபராதம், எல்லைக் காவல், யுத்தம் எல்லாமே வருகின்றன.

விஷயம் இதுதான். முன்பதிவு செய்துகொண்டு பியூட்டி பார்லருக்குப் போகிறீர்கள். நாற்காலியில் உட்கார வைத்து, துணியைப் போர்த்தி, வகிடு பிரித்துப் பார்க்கிறார்கள். ஈர் தெரிகிறது. இன்றைக்கு வெட்ட முடியாது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அது சரி, செய்யாத வேலைக்குக் காசு வாங்கலாமா?

இங்கே புனேயில் எங்கள் குடியிருப்பில் இந்தக் கேள்வி கிளம்பியது. ஒரு தமிழ்க் குடும்பம், ஒன்பது வயதுப் பெண் குழந்தை, சித்தப்பா கல்யாணத்துக்காக முடி வெட்டப் போயிருக்கிறார்கள். திருப்பி அனுப்பியதோடு பாதிக் கட்டணமாக 300 ரூபாயும் வாங்கிவிட்டார்கள். அந்த அம்மாவுக்குப் பணத்தை விட, கடையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி இந்தியில் உரக்கச் சொன்னதுதான் தாங்கவில்லை. குழந்தை இரண்டு நாள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம் பிடித்திருக்கிறாள்.

எங்கள் மாடி அண்ணாச்சி, "வேலையே பாக்கல, அப்புறம் என்னத்துக்குத் துட்டு? நீங்க கொடுத்திருக்கவே கூடாது" என்றார். கீழ் வீட்டு மாமி விடவில்லை. "அந்தப் பொண்ணோட ஒரு மணி நேரம் போச்சே, அது யார் கணக்கு?" என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பி.காம். காலத்து வணிகச் சட்டமும், எப்போதோ படித்து வைத்த பேன் சரித்திரமும் சேர்ந்து என் மண்டையைக் குடைய ஆரம்பித்தன. (குடைந்தது அவை மட்டும்தான், சந்தேகம் வேண்டாம் :-))

*

முதலில் கொஞ்சம் பழங்கதை. இஸ்ரேலில் லாக்கீஷ் என்ற இடத்தில் 2016-ல் தோண்டியபோது ஒரு குட்டி தந்தச் சீப்பு கிடைத்தது. நீளம் மூன்றரை சென்டிமீட்டர்தான். பல வருஷம் கழித்துத்தான் அதன் மேல் எழுத்து இருப்பதையே கவனித்தார்கள். படித்த விவரம் 2022-ல் வெளியானது. கானானிய எழுத்தில் 17 எழுத்துகள். தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தச் சீப்பு ஒழிக்கட்டும் என்று ஒரு பிரார்த்தனை. ஏறக்குறைய 3,700 வருஷத்துக்கு முந்தையது என்கிறார்கள். அகர எழுத்து முறையில் கிடைத்திருக்கும் முழு வாக்கியங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று, பேனைப் பற்றியது!

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அது யானைத் தந்தம் என்பது. அந்த ஊரில் யானை கிடையாது, வெளியிலிருந்துதான் தந்தம் வந்திருக்க வேண்டும். அப்படியானால் அது வசதியான வீட்டுச் சீப்பு. பேன் ஏழை, பணக்காரர் பார்த்து ஏறுவதில்லை என்பதற்கு இதை விடப் பழைய சாட்சி வேண்டுமா?

இன்றைய மருத்துவமும் இதையேதான் சொல்கிறது. தலைப் பேன் பறக்காது, குதிக்காது, ஊரத்தான் செய்யும். தலையோடு தலை ஒட்டும்போது இடம் மாறுகிறது. அழுக்குத் தலை, சுத்தமான தலை என்ற பேதம் அதற்கு இல்லை. தலையை விட்டுக் கீழே விழுந்தால் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். நோய் எதையும் பரப்புவதில்லை, அரிப்புதான் மிச்சம்.

அப்படியிருக்க இவ்வளவு அவமானம் எங்கிருந்து வந்தது?

*

ஒரு பங்கு காரணம் பெயர்க் குழப்பம். தமிழில் நாம் தலையில் இருப்பதைப் பேன் என்றும், துணி மடிப்பில் ஒளிந்திருந்து உடம்பைக் கடிப்பதைச் சீலைப்பேன் என்றும் பிரித்தே சொல்கிறோம். துனிஸ் நகரத்தில் வேலை பார்த்த சார்ல் நிக்கோல் என்ற பிரெஞ்சு மருத்துவர், டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது சீலைப்பேன்தான் என்று 1909-ல் கண்டுபிடித்தார். டைபஸ் நோயாளிகள் ஆஸ்பத்திரி வாசல் வரை மற்றவர்களுக்கு நோயைக் கொடுக்கிறார்கள், துணியைக் களைந்து குளிப்பாட்டி உள்ளே படுக்க வைத்தபின் கொடுப்பதில்லை. இதைக் கவனித்ததுதான் அவருக்குப் பொறி. 1928-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய கண்டுபிடிப்பு. 1943-44 குளிர்காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் டைபஸ் பரவியபோது, ஜனங்கள் மேல் டி.டி.டி. பொடி தூவியே அதை அடக்கினார்கள். ஆனால் சீலைப்பேன் செய்த பாவம் தலைப் பேன் மீதும், பேன் உள்ள மனிதர் மீதும் சேர்ந்து விழுந்தது.

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் எல் பாசோ எல்லை நகரம். டைபஸ் பயத்தில், மெக்சிகோ பக்கமிருந்து தினமும் வேலைக்கு வருகிறவர்களை நிறுத்தி, துணியைக் கழற்ற வைத்து மருந்துக் குளியல் போட வைத்தார்கள். 1916 மார்ச்சில் அந்த ஊர்ச் சிறையில் கைதிகளை எரியெண்ணெய் கலந்த திரவத்தில் குளிப்பாட்டும்போது தீப்பிடித்து, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அடுத்த வருஷம், 1917 ஜனவரி 28, வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த கார்மெலிட்டா டோரஸ் என்ற 17 வயதுப் பெண் டிராம் வண்டியிலிருந்து இறங்கிக் குளிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பாலத்தில் பெரும் கூட்டம், பெரும்பாலும் பெண்கள். இரண்டு மூன்று நாள் கலவரம். அப்படியும் அந்தக் குளியல் நிற்கவில்லை, பல வருஷம் தொடர்ந்தது.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இந்தக் கதை தூரத்துக் கதையாகத் தோன்றாது. வந்தவர்களைச் சந்தேகிக்க, சுத்தம் என்ற சொல் எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

இங்கிலாந்தில் வேறு வழி. 1907-ல் வந்த சட்டத்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வந்தது. 1908-ல் வந்த குழந்தைகள் சட்டத்தில், பேன் உள்ள பிள்ளையைச் சுத்தம் செய்யும்படி பெற்றோருக்கு நோட்டீஸ் கொடுக்கவும், செய்யாவிட்டால் அதிகாரிகளே செய்யவும், மறுபடி வந்தால் பெற்றோருக்கு அபராதம் போடவும் வழி வைத்தார்கள். செலவு வீட்டுக்காரர் தலையில்.

பலன்? 1939 செப்டம்பரில் குண்டுவீச்சுக்குப் பயந்து நகரங்களிலிருந்து சுமார் 15 லட்சம் பேரை, முக்கியமாகப் பிள்ளைகளை, கிராமங்களுக்கு அனுப்பினார்கள். வரவேற்ற வீடுகளில் எல்லாம் பேன் புகார். கென்னத் மெலன்பி என்ற பூச்சியியல் அறிஞர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிள்ளைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார். பள்ளிக்கூடப் பரிசோதனைக் கணக்கு காட்டியதை விட உண்மை நிலவரம் மிக மிக அதிகம் என்று தெரிந்தது. முப்பது வருஷ நோட்டீசும் அபராதமும் இருந்தும் இந்த நிலை! அபராதம் உள்ள இடத்தில் கணக்கு சரியாக வராது என்பது வங்கியில் வேலை பார்க்கிற யாருக்கும் புரியும். ஜனங்கள் பேனை ஒழிப்பதற்கு முன் பேனை ஒளிப்பார்கள்.

*

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே மகாராஷ்டிர கிராமங்களில் பன்னிரண்டு பலுதேதார் என்று ஒரு முறை இருந்தது. தச்சர், கொல்லர், குயவர் மாதிரி நாவிதரும் அதில் ஒருவர். வெட்டுக்கு இவ்வளவு என்று கூலி கிடையாது. அறுவடை முடிந்ததும் தானியம். நம் ஊர்க் கிராமங்களிலும் களத்து மேட்டில் நெல் அளந்து கொடுத்த பழக்கம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இந்த முறையில் திருப்பி அனுப்பினால் கட்டணமா என்ற கேள்வியே எழாது. இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த வாரம். தலைக்கு வருஷக் கணக்கு, நேரத்துக்கு விலை இல்லை.

ஆனால் அதே முறையில் சில தலைகளைத் தொடுவதே இல்லை என்ற கொடுமையும் இருந்தது. பேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சாதியைப் பார்த்து மறுப்பு. அதனால்தான் நம் நாட்டில் முடி வெட்ட மறுப்பது சாதாரண வியாபார விவகாரம் ஆகாது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், கடை என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டபோது, தேடி வருகிற யாருக்கும் சேவை செய்யத் தயாராக ஒருவர் இருக்கும் இடமெல்லாம் கடைதான் என்ற பொருளில் அம்பேத்கர் விளக்கினார். அரசியல் சட்டத்தின் 15(2), 17-ஆம் பிரிவுகள் வந்தன. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. தீண்டாமை காரணமாகச் சேவை மறுப்பது அதன் 6-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. (1976-ல் இந்தச் சட்டத்துக்குக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது.)

மறுப்பில் மரியாதைக்குரிய மறுப்பும் உண்டு. 1890-ல் பம்பாயில், ஆலைத் தொழிலாளர்களுக்காகப் பாடுபட்ட நாராயண் மேகாஜி லோகண்டே முயற்சியில் நாவிதர்கள் கூடி, இனி விதவைகளுக்கு மொட்டை அடிக்க மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். வருமானம் போகும் என்று தெரிந்தே எடுத்த முடிவு. அந்த நஷ்டத்தை யாரிடமும் வசூலிக்கவில்லை, தங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டார்கள்.

*

அப்புறம் எப்போது நேரத்துக்கு விலை வந்தது? என் கணக்கில், இயந்திரத்தில் முடி சுருட்ட ஆரம்பித்த பிறகு. கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மன் சிகையலங்காரர் 1906-ல் லண்டனில் நிரந்தரச் சுருள் வைத்துக் காட்டினார். ஒரு தலைக்குப் பல மணி நேரம் பிடித்தது. அப்படிப்பட்ட வேலைக்கு வாசலில் வரிசையில் உட்கார வைக்க முடியாது, நேரம் குறித்துத்தான் ஆக வேண்டும். நேரம் குறித்த உடனே, வீணான நேரம் என்று ஒன்று பிறந்துவிடுகிறது. நம் பெருநகரங்களில் பார்லர் முன்பதிவு எல்லோருக்கும் பழக்கமானது 1990-களுக்குப் பிறகுதான். இப்போது கைபேசியிலேயே நாற்காலி பிடிக்கிறோம்.

மறுப்பதும் சில இடங்களில் கடைக்காரர் இஷ்டம் இல்லை. கலிபோர்னியா மாநில விதிகளில், தொற்றக்கூடிய ஒட்டுண்ணி உள்ளவர் என்று தெரிந்தே அவருக்குப் பணியாளரை வேலை செய்ய விடக்கூடாது என்று கடைகளுக்குக் கட்டளையே இருக்கிறது. நம் நாட்டில் அமெரிக்க மாநிலங்களைப் போல் இந்தத் தொழிலுக்கு உரிமம் தரும் தனி வாரியம் கிடையாது. ஆனால் அடுத்து உட்காரப் போகிறவரை நினைத்தால் மறுப்பு நியாயம்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை கட்டணத்தில். இங்கேதான் 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் வருகிறது. பி.காம். படித்தவர்கள் ஹாட்லி எதிர் பாக்ஸண்டேல் வழக்கை மறந்திருக்க மாட்டீர்கள். (1854, கிளௌஸ்டர் மாவு மில், உடைந்த இயந்திரத் தண்டு, தாமதமான வண்டிக்காரர்!) ஒப்பந்தம் போடும்போதே இரண்டு பேரும் எதிர்பார்த்திருக்கக்கூடிய நஷ்டத்தைத்தான் கேட்கலாம் என்பது அதன் சாரம். நம் 73-ஆம் பிரிவு அதே வழியில் போகிறது. 74-ஆம் பிரிவு இன்னும் முக்கியம். ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும், அதற்குள் நியாயமான ஈட்டுத்தொகைதான் கிடைக்கும். 1963-ல் ஃபத்தே சந்த் வழக்கிலும் 2015-ல் கைலாஷ்நாத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. நஷ்டமே இல்லாத இடத்தில் ஈடு கிடையாது.

இதைப் பேனுக்குப் பொருத்திப் பாருங்கள். என் தலையில் பேன் இல்லை என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காத வாக்கை எப்படி மீற முடியும்? முன்பதிவின்போதே இந்த நிபந்தனையைச் சொல்லியிருந்தால் கதை வேறு. தெரிந்தே மறைத்துக்கொண்டு போனால் அதுவும் வேறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் போடும் ஒப்பந்தத்தை முறையற்ற ஒப்பந்தம் என்கிறது.

எங்கள் துறையிலும் இதே பாடம்தான். குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டால் போடும் கட்டணம், குறைந்த தொகைக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும், முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2014-ல் உத்தரவு போட்டது. கடன் கணக்குகளுக்கான அபராதக் கட்டணத்தை வருமானம் பெருக்கும் வழியாக்கக் கூடாது என்று 2023-ல் சொன்னது. முன்கூட்டியே சொல், அளவாக வாங்கு, அதில் லாபம் பார்க்காதே. வங்கிக்குச் சொன்னது பார்லருக்கும் பொருந்தும் என்பது என் கட்சி.

*

ஆனால் மாமி கேட்ட கேள்வி பாக்கி இருக்கிறது. அந்தப் பொண்ணோட ஒரு மணி நேரம் யார் கணக்கு?

நான் போகும் பார்லரில் விசாரித்தேன். அங்கே வேலை செய்யும் பெண்களில் பாதிப் பேர் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். சம்பளம் குறைவு, பில் தொகையில் கமிஷன்தான் ஆதாரம். பில் இல்லையென்றால் கமிஷன் இல்லை. கடையின் நஷ்டம் பெரிதில்லை. சீப்பையும் பிரஷ்ஷையும் நல்ல சூடான தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டாலே பேன் செத்துவிடும். போனது அந்தப் பெண்ணின் நேரம். அவரும் நம்மைப் போல ஊர் விட்டு வந்தவர். அதனால் ஒரு பைசா கொடுக்கக் கூடாது என்ற அண்ணாச்சி கட்சியும் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. நாம் மிச்சம் பிடிக்கும் காசு கடைசியில் அவர் தலையில் விழுகிறது.

ஆகவே என் தீர்ப்பு:

1. முன்பதிவின்போது சொல்லவில்லையா, ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது.

2. சொல்லியிருந்தால், வீணான நேரத்துக்கு மட்டும் வாங்கலாம். பாதிக் கட்டணம் அதிகம். அந்த நாற்காலியில் உடனே வேறு ஒருவர் உட்கார்ந்துவிட்டால் நஷ்டமே இல்லை, கட்டணமும் இல்லை.

3. வாங்கினால் அந்தப் பணியாளருக்குப் போக வேண்டும். அதே வாடிக்கையாளர் ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தால் பில்லில் கழித்துக்கொள்ள வேண்டும். திரும்ப வர ஒரு காரணமும் ஆயிற்று.

4. குழந்தைகளிடம் வாங்கவே கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், பேன் காரணமாகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்காதீர்கள் என்று 2002-லிருந்து திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. படிப்பு போகும், அவமானம் மிஞ்சும், பேன் என்னவோ அங்கேயேதான் இருக்கும்.

5. எல்லாவற்றுக்கும் மேலாக, மெதுவான குரலில், தனியாகக் கூப்பிட்டு அம்மாவிடம் சொல்ல வேண்டும். இதற்குச் செலவே கிடையாது.

அந்த 300 ரூபாய்? முதல் விதியிலேயே அடிபட்டுப் போகிறது. அவர்கள் முன்பதிவின்போது எதுவுமே சொல்லவில்லை.

நம் பக்கமும் ஒரு கடமை உண்டு. பார்லருக்குப் போகும் முதல் நாள் பிள்ளையை வெளிச்சத்தில் உட்கார வைத்து, ஈரத் தலையில் எண்ணெயோ கண்டிஷனரோ தடவிப் பேன் சீப்பால் வாரிப் பாருங்கள். இருந்தால் மூன்று நாளைக்கு ஒரு தடவை, இரண்டு மூன்று வாரம் விடாமல் வாருங்கள். ஈர் பொரிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும், அதனால் ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. வீட்டில் எல்லோர் தலையையும் பாருங்கள். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். எல் பாசோ கதை போதும். சீத்தாப்பழக் கொட்டைப் பொடியும் கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கிவிடும்.

ஊரில் சாயங்காலம் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து ஒருவர் தலையை ஒருவர் பார்த்துக்கொண்டபோது இதற்கெல்லாம் கணக்கே இல்லை. நேரம் இருந்தது, வெட்கம் இல்லை. இங்கே அடுக்குமாடியில் நேரமும் இல்லை, பக்கத்து வீட்டில் சொல்லவும் கூச்சம். நேரத்துக்காவது காசு கொடுத்து ஈடு கட்டலாம். கூச்சத்தை நாமாகத்தான் விட வேண்டும். பிள்ளை தலையில் பேன் என்று நாலு வீட்டில் சொன்னால், நாலு வீட்டிலும் அன்றைக்கே சீப்பை எடுப்பார்கள்.

உங்கள் ஊர் பார்லர்களில் என்ன வழக்கம்? டில்லி, கொல்கத்தா, ஐதராபாத் தமிழர்கள் யாராவது சொல்லுங்களேன்.